நெருக்கடி ஓய்ந்த பிறகு நட்டம் யார் தலையில்?

கேள்வி: 2025 ஜூன் 3

அண்ணாச்சி, பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். பொருளாதார நெருக்கடி ஒன்று வந்துபோன பிறகு மக்களாட்சி நாடுகளில் பணத்தைப் போடுவது வீண் என்பது என் கருத்து. அடுத்த தேர்தலுக்கு அஞ்சுகிற அரசு கடினமான முடிவு எதையும் எடுக்காது. தள்ளுபடி, மானியம் என்று நாட்களைக் கடத்திவிட்டு, கடைசியில் முதலீடு செய்தவன் கையில் ஒன்றுமில்லாமல் நிறுத்திவிடும். வலுவான ஒரே கை ஆளுகிற இடத்தில்தான் முதலுக்குப் பாதுகாப்பு உண்டு. ஓய்வுப் பணத்தை எங்கே வைப்பது என்று தவிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு உங்கள் பதில் என்ன?

2025 ஜூன் 4, இரவு

வலுவான கையைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அதற்கான சான்று நம் சீமையிலேயே இருக்கிறது.

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவர் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிர்ப்பக்கம் இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், கூடவே ஒரு குடை தருவதாகவும் சொல்லிப் பார்த்தது. அதையும் சங்கம் தாங்கி நின்றது. ஆட்சியின் கையை மட்டும் அதனால் தாங்க முடியவில்லை. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது.

அன்றைக்கு நம் மாவட்டத்தை ஆண்ட கையைவிட வலுவான கை இருந்திருக்க முடியாது. அது யாருடைய முதலைக் காத்தது என்று பாருங்கள். 25 ரூபாய் போட்டுப் பங்கு வாங்கிய வியாபாரிக்குத் தன் நட்டத்துக்கு விளக்கம் கேட்க ஒரு மன்றமும் இல்லை, மாற்றி அனுப்ப ஒரு வாக்கும் இல்லை. வலுவான கை யார் பக்கம் இருக்கிறது என்பது பணம் போடும்போது தெரிவதில்லை; தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது.

2025 ஜூன் 5

அது அந்நியர் ஆட்சி, அதைச் சான்றாகக் காட்டக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, தன்னாட்சி நாடுகளையே எடுத்துக்கொள்வோம்.

ஜெர்மனியில் 1930க்குப் பிறகு தலைமையமைச்சர் ப்ரூனிங்கின் அரசு நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு, குடியரசுத் தலைவரின் அவசர ஆணைகளைக் கொண்டு சிக்கன நடவடிக்கைகளைச் சுமத்தியது. 1931 கோடையில் பெரிய வங்கிகள் சரிந்தன. 1928இல் 2.6 விழுக்காடு வாக்குப் பெற்ற நாஜிக் கட்சி, 1930இல் 18.3 விழுக்காட்டையும் 1932 ஜூலையில் 37 விழுக்காட்டுக்கு மேலும் எட்டியது. வலுவான கை வந்து அமர்ந்த 1933ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே வெளிநாட்டுக் கடன்களுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்துவதாக ஜெர்மனி அறிவித்தது. ஒழுங்கு வருகிறது என்று மகிழ்ந்த அயல்நாட்டுப் பத்திரதாரர்களுக்குக் கிடைத்தது அந்த அறிவிப்புத்தான்.

நம் காலத்தில் துருக்கி இருக்கிறது. 2021 மார்ச்சில், வட்டியை உயர்த்திய மத்திய வங்கித் தலைவரை அதிபர் எர்டோவான் நீக்கினார். விலைவாசி ஏறிக்கொண்டிருந்தபோதே வட்டி குறைக்கப்பட்டது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தொட்டது. லிராவில் சேமித்து வைத்திருந்த ஓய்வூதியர் யாரிடம் போய் முறையிட்டிருப்பார்?

2025 ஜூன் 9

இனி உங்கள் முதல் கூற்றுக்கு வருகிறேன். தேர்தலுக்கு அஞ்சும் அரசு கசப்பு மருந்தைக் கொடுக்காது என்கிறீர்கள். 1991இல் கொடுத்தது. அந்த ஆண்டு மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தேர்தல் முடிந்து வந்த நரசிம்ம ராவ் அரசுக்கு அறுதிப் பெரும்பான்மை கிடையாது. அந்நியச் செலாவணிக் கையிருப்போ இரண்டு மூன்று வார இறக்குமதிக்குக்கூடக் காணாது என்ற நிலையில் இருந்தது. ஜூலை 1, 3 ஆகிய நாட்களில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஏறத்தாழ 47 டன் தங்கம் வெளிநாட்டு மத்திய வங்கிகளிடம் அடகு போயிற்று. ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தபோது உர விலையை 40 விழுக்காடு உயர்த்துவதாகச் சொன்னார்.

அந்த அறிவிப்பு வந்த மறுநாள் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பிசான நடவுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வயல்காரர்களின் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது கூட்டுறவுத் தணிக்கையில் இருந்தேன். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது, ஆளும் கட்சிக்குள்ளேயே எழுந்தது. உயர்வு 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, சிறு குறு விவசாயிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சீர்திருத்தம் நிற்கவில்லை; அதன் சுமை மட்டும் கொஞ்சம் இடம் மாறியது. அந்தப் பத்து விழுக்காட்டை விட்டுக்கொடுத்ததை அன்றைய பொருளியல் அறிஞர்கள் சிலர் கோழைத்தனம் என்றார்கள். மீதி முப்பது தங்கியதற்குக் காரணமே அந்தப் பத்தை விட்டுக்கொடுத்ததுதான் என்று நான் எண்ணுகிறேன்.

நெருக்கடி என்றால் எங்கோ ஒரு நட்டம் ஏற்கெனவே நேர்ந்துவிட்டது என்று பொருள். அதை யாராலும் இல்லாமல் ஆக்க முடியாது. பங்கு பிரிக்கத்தான் முடியும். வரி கட்டுபவர், வைப்பு வைத்தவர், கடன் பத்திரம் வாங்கியவர், ஓய்வூதியர், வேலை இழப்பவர், விலைவாசியில் கரைகிற கூலிக்காரர் என்று யாரோ ஒருவர் தலையில் அது இறங்கியாக வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் குளத்தில் கிடக்கும் கொஞ்சத் தண்ணீரை ஊர்கூடி முறை வைத்துப் பாய்ச்சும்போது பயிர் வாடினாலும் ஊருக்குள் வெட்டுக்குத்து வருவதில்லை. ராத்திரியில் ஒருவர் மடையைத் திறந்துவிட்டார் என்று தெரிந்தால்தான் வருகிறது. நட்டத்தையும் முறை வைத்து, வெளிப்படையாகத்தான் பிரிக்க வேண்டும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஃபுங்கே, ஷுலாரிக், டிரெபெஷ் என்ற மூன்று ஜெர்மானியப் பொருளியலாளர்கள் 1870 முதல் 2014 வரை 20 மக்களாட்சி நாடுகளில் நடந்த 800க்கும் மேற்பட்ட தேர்தல்களை அலசினார்கள். நிதி நெருக்கடிக்குப் பிறகு தீவிர வலதுசாரிக் கட்சிகளின் வாக்கு சராசரியாக 30 விழுக்காடு கூடுகிறது என்று கண்டார்கள். சாதாரணப் பொருளாதார மந்தத்துக்குப் பின் அப்படி நடப்பதில்லை. மக்களின் கோபத்துக்கு வறுமை மட்டும் காரணமாக இருந்தால் இரண்டிலும் ஒரே விளைவு வந்திருக்க வேண்டும். வங்கிகள் செய்ததற்குத் தாங்கள் கட்டுகிறோம் என்ற எண்ணம்தான் வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று நினைக்கிறேன்.

2025 ஜூன் 15

இலங்கையைப் பற்றித் தூத்துக்குடி நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். வெங்காயமும் மிளகாய் வற்றலும் அனுப்பிக்கொண்டிருந்த நம் வணிகர்கள் 2022இல் கொழும்பிலிருந்து பணம் வராமல் எப்படித் திண்டாடினார்கள் என்பதை அவர் நேரில் கண்டவர். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். நான் சொல்ல நினைப்பவை எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

2019 இறுதியில் பெரும் வெற்றியோடு வந்த கோட்டாபய ராஜபக்ச, பதவியேற்றவுடன் மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்தார். 2021இல் இரசாயன உரத்தை ஒரே ஆணையில் தடைசெய்தார். அதற்கு முன்பே, 2020இல் வந்த 20ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அவருடைய கையை மேலும் வலுப்படுத்தியிருந்தது என்பதைப் பாளையங்கோட்டை நண்பர் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 12 அன்று, 51 பில்லியன் டாலர் அளவிலான வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்ப முன்வந்தது. ஜூலையில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தார்கள். கோட்டாபய நாட்டை விட்டு வெளியேறினார். அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டளவில் இருந்தது.

இனிமேல்தான் நட்டத்தைப் பிரிக்கும் வேலை தொடங்கியது. நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்த ரணில் விக்ரமசிங்க அதிபரானார். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கும் திட்டம் அதே ஆண்டு கோடையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு நிறைவேறியது. அதன்படி வங்கிகள் கையில் இருந்த பத்திரங்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டன. தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியமோ தன் பத்திரங்களைக் குறைந்த வட்டி தரும் நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றிக்கொள்ள வேண்டும். மறுத்தால் அதன் வருமானத்துக்கு 14 விழுக்காட்டுக்குப் பதிலாக 30 விழுக்காடு வரி. வங்கிகள் ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருந்தன, அவற்றைத் தொட்டால் வைப்பு வைத்தவர்கள் எல்லோரும் மூழ்குவார்கள் என்பது அரசின் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருந்தது. ஆனாலும் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதுமைக்கால நிதி அந்தச் சுமையை ஏற்றது என்பதும் உண்மை. அந்தப் பெண்களின் முன்னோர்களில் எத்தனையோ குடும்பங்கள் நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கப்பல் ஏறியவை.

2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் தள்ளிப்போடப்பட்டது. அப்போது முதலீட்டாளர்கள் பலர் நிம்மதியடைந்தார்கள். 2024 செப்டம்பரில் அதிபர் தேர்தல் நடந்தது. நாட்டை வரிசைகளிலிருந்து மீட்ட ரணிலுக்கு 17 விழுக்காடு வாக்குத்தான் கிடைத்தது. 2019இல் 3 விழுக்காடு வாங்கிய அநுர குமார திசாநாயக்க 42 விழுக்காடு பெற்று முதலிடத்தில் வந்து அதிபரானார். நவம்பரில் அவருடைய கூட்டணி 225 இடங்களில் 159ஐ வென்றது. யாழ்ப்பாண மாவட்டமும் அவர்கள் பக்கம் சாய்ந்தது.

இடதுசாரிகள் வந்துவிட்டார்கள், இனி ஒப்பந்தங்கள் கிழியும் என்று சந்தையில் பேசினார்கள். கிழியவில்லை. நாணய நிதியத் திட்டம் தொடர்ந்தது. வெளிநாட்டுப் பத்திரங்களின் மாற்றம் 2024 டிசம்பரில் முடிந்தது. மக்கள் அந்தத் திட்டத்தைக் கிழிக்கச் சொல்லி வாக்களித்ததாக நான் நினைக்கவில்லை. அதைச் சுமத்தும் உரிமை யாருக்கு என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

2025 ஜூன் 16

நேற்றைய குறிப்பை மறுபடி படித்தபோது ஒன்று தோன்றியது. நட்டத்தை வெளிப்படையாகப் பிரிக்க வேண்டும் என்று ஜூன் 9 அன்று எழுதினேன். இலங்கையில் அது வெளிப்படையாகத்தான், நாடாளுமன்றத்தில், வாக்கெடுப்போடு நடந்தது. ஆகவே வெளிப்படைத்தன்மை மட்டும் போதாது. பிரிப்பவர் அதற்காக மக்களிடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தேர்தலைத் தள்ளிப்போட்டு வாங்கும் அமைதியை அடுத்த தேர்தலில் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஐஸ்லாந்து இதன் மறுபக்கம். 2008 அக்டோபரில் அதன் மூன்று பெரிய வங்கிகளும் சில நாட்களுக்குள் விழுந்தன. அயல்நாட்டு வைப்பாளர்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து ஈடு செய்யும் ஒப்பந்தத்தை மக்கள் 2010இலும் 2011இலும் இரண்டு முறை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். நாடு தனித்து விடப்படும் என்று அச்சுறுத்தினார்கள். 2013இல் அந்த வட்டாரத்துக்குரிய நீதிமன்றமே ஐஸ்லாந்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வங்கியாளர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள். வெளியே பணம் கொண்டுபோவதற்கான கட்டுப்பாடு 2017 வரை பெருமளவு நீடித்ததால் முதலீட்டாளர்கள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அது சிறிய விலை அன்று. ஆனால் அங்கே அரசியல் அமைப்பு உடையவில்லை.

கிரேக்கத்தைப் பற்றி ஒரு வரி. 2012இல் தனியார் பத்திரதாரர்கள் முகமதிப்பில் 53.5 விழுக்காட்டை இழந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் நாஜிச் சாயல் கொண்ட பொன் விடியல் கட்சி 7 விழுக்காடு வாக்கோடு நாடாளுமன்றத்தில் நுழைந்தது. 2020இல் ஏதென்ஸ் நீதிமன்றம் அதைக் குற்றக் கும்பல் என்று தீர்ப்பளித்தது. 2023இல் கிரேக்கப் பத்திரங்கள் மீண்டும் முதலீட்டுத் தகுதி பெற்றன. மக்களாட்சி மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் வந்து சேர்ந்தது.

2025 ஜூன் 22

தள்ளுபடியைப் பற்றி நான் பேசாமல் நழுவுவதாக மூவர் எழுதிவிட்டார்கள். நழுவவில்லை. என் பணிக்காலம் முழுவதும் அதன் நடுவில்தான் கழிந்தது.

2006இல் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் 6,866 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடியானது. 2008இல் மத்திய அரசு தன் பங்குக்குச் செய்தது. 2016இல் சிறு குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன், 12,110 கோடி. அந்த ஆண்டு ஆட்சி மாறிய பிறகு ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன். ஒவ்வொரு முறையும் சங்கத்தில் என் முன்னால் பேரேடு விரிந்திருக்கும். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருந்த ஒருவர், மனைவியின் சங்கிலியை வெளியில் அடகு வைத்துத் தவணை நாளன்று கடனைக் கட்டியிருந்தார். அவருக்கு அடுத்த வயல்காரர் கட்டவில்லை. தள்ளுபடி அறிவிப்பு வந்த வாரத்தில், கடனைக் கட்டியவர் அலுவலகத்துக்கு வந்து ரசீதை மேசைமேல் வைத்து, "கட்டுனவன் கோட்டிக்காரனா சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அரசு ஈடு செய்யும் தொகை தவணைகளாக வந்துசேரும் வரை சங்கம் புதுக்கடன் கொடுக்கத் திணறியதையும் கண்டிருக்கிறேன். அப்படித் திணறும்போது முதலில் விடுபடுபவர் குத்தகை விவசாயிதான். பட்டா அவர் பெயரில் இருக்காது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டே சொல்கிறேன்: தள்ளுபடியை மட்டும் குற்றக்கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. அது சட்டமன்றத்தில் அறிவிக்கப்படுகிறது, தொகை சொல்லப்படுகிறது, பயனாளிகளின் பட்டியல் சங்கத்தில் இருக்கிறது, தணிக்கையாளர் வருகிறார். நகைக்கடன் தள்ளுபடியில் தகுதியில்லாதவர்கள் பலர் நுழைந்திருந்தது ஆய்வில் வெளிவந்து, அவர்கள் நீக்கப்பட்டார்கள். இன்னொரு பக்கம் பாருங்கள். பெருந்தொழில்களுக்குக் கொடுத்த கடன்கள் அழுகி, 2018 மார்ச்சில் இந்திய வங்கிகளின் வாராக்கடன் 11 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த ஓட்டையை அடைக்க 2016க்கும் 2021க்கும் இடையே பொதுத்துறை வங்கிகளுக்குள் அரசு செலுத்திய மூலதனம் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதற்காக எந்த ஊரிலும் பட்டியல் ஒட்டப்படவில்லை. எந்தத் தேர்தலிலும் வாக்குக் கேட்கப்படவில்லை. 2016இல் வந்த திவால் சட்டம் நிலைமையை ஓரளவு மாற்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலாவது சலுகை, இரண்டாவது சீர்திருத்தம் என்று பெயர் சூட்டும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியாது.

2025 ஜூன் 29

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் 1938ஐ நினைவூட்டினார், அவருக்கு நன்றி. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். 1937இல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி, 1938 ஜூனில் கதவடைத்தது. வங்கியின் நிர்வாகிகளுக்கும் திவான் சி.பி.ராமசாமி ஐயருக்கும் இடையே அரசியல் பகை இருந்தது. நிர்வாகிகள் பின்னர் சிறைப்பட்டார்கள். வங்கியின் தவறு எவ்வளவு, திவானின் பகை எவ்வளவு என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. மன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத ஒரு நிர்வாகத்தின் கீழ் இப்படிப்பட்ட கேள்விகள் தீராமலே கிடந்துவிடுகின்றன.

1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்ததை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது நாடாளுமன்றம் இருந்தது. கேள்விகள் எழுந்தன, சட்டம் வந்தது, வங்கி விழுந்தால் வைப்பாளருக்கு ஒரு வரம்பு வரை ஈடு தரும் வைப்புக் காப்புறுதி 1962 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. முதலில் 1,500 ரூபாய் வரை. 1993இல் 1 லட்சம். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம். உங்கள் வங்கிப் புத்தகத்தின் முன்பக்கத்தில் அச்சடித்திருக்கிற அந்த வாசகம், விழுந்த ஒரு வங்கியின் வைப்பாளர்கள் வாக்காளர்களாகவும் இருந்ததால் கிடைத்தது.

2025 ஜூலை 13

ஆனித் தேரோட்ட நாட்களில் எழுத முடியவில்லை. இடையில் வந்த கடிதங்களில் ஒன்று முக்கூடல் பக்கத்திலிருந்து வந்தது. 1990களின் பைனான்ஸ் கம்பெனிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஆண்டுகளை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. 24 விழுக்காடு, 36 விழுக்காடு வட்டி என்று பலகை மாட்டிய நிறுவனங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. பீடி சுற்றும் பெண்கள் வாரக்கூலியில் மிச்சம் பிடித்து, மகள் கல்யாணத்துக்கு என்று அவற்றில் போட்டார்கள். எங்கள் உறவில் ஒரு மதினி அப்படிப் போட்டு வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை போனபோது பூட்டுத்தான் இருந்தது. உலகப் பொருளாதாரம் பேசும்போது இதையெல்லாம் முதலீடு என்ற கணக்கிலேயே யாரும் சேர்ப்பதில்லை. தட்டில் இலை வெட்டிச் சுற்றிச் சுற்றி விரல் காய்த்துப்போன அந்தப் பெண்ணின் 5,000 ரூபாயைவிடப் பெரிய முதலீடு எதுவும் எனக்குத் தெரியாது. அது அவருடைய சொத்து முழுவதும்.

1997இல் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனத்தின் சொத்தைப் பறிமுதல் செய்து வைப்பாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கத் தனி நீதிமன்றங்கள் அமைந்தன. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லத்தக்கதென்று உறுதிசெய்தது. ஆனால் வேகம் போதவில்லை. நகரத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கும் பேருந்துச் செலவுக்கே யோசிப்பவருக்கும் ஒரே சட்டம் வெவ்வேறு காலத்தில் பயன்தருகிறது. மதினிக்கு ஒரு பகுதி கிடைத்தபோது மகளுக்குக் கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். தாமதமும் நட்டத்தைப் பிரிக்கும் ஒரு வழிதான்; அதைப் பெரும்பாலும் ஏழைகள்மீதே பயன்படுத்துகிறோம்.

2025 ஜூலை 20

காற்றாலைகளில் பணம் போட்ட வள்ளியூர் நண்பருக்கு. உங்கள் கசப்பு எனக்குப் புரிகிறது. பணகுடி, ராதாபுரம், முப்பந்தல் பக்கம் இறக்கைகள் வரிசையாக எழுந்ததற்குக் காற்று பாதிக் காரணம், போட்ட பணத்தில் 80 விழுக்காட்டை முதல் ஆண்டிலேயே தேய்மானம் என்று காட்டி, வரி கட்ட வேண்டிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை மீதிக் காரணம். 2012 ஏப்ரலில் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள், 2014இல் திரும்பக் கொடுத்தார்கள். அதே காலத்தில் மின்வாரியம் வாங்கிய மின்சாரத்துக்குப் பணம் தர மாதக்கணக்கில் இழுத்தது.

ஏன் இழுத்தது என்பதைப் பார்த்தால் நாம் பேசிக்கொண்டிருக்கும் பொருளுக்கே வந்துவிடுவீர்கள். 2003க்குப் பிறகு 2010 வரை மின்கட்டணம் உயர்த்தப்படவில்லை. நட்டம் வாரியத்தின் புத்தகங்களுக்குள் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனது. யாருக்கும் வலிக்காததுபோல் இருந்தது. பிறகு மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தது, 2012 ஏப்ரலில் ஒரே அடியாக 37 விழுக்காடு உயர்வும் வந்தது. பாளையங்கோட்டை நண்பரின் குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்துகிற இடம் இதுதான்; இதை மறுக்க நான் முயலப்போவதில்லை. தேர்தல் அச்சம் இங்கே உண்மையிலேயே முடிவுகளைத் தள்ளிப்போட்டது. அதன் விலையைக் காற்றாலை வைத்தவர்களும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிய சிறுதொழில்காரர்களும், இருட்டில் படித்த பிள்ளைகளும் கொடுத்தார்கள். ஆனால் கட்டணத்தை ஆண்டுக்கொருமுறை ஒழுங்குமுறை ஆணையத்தின் முன், பொது விசாரணையோடு தீர்மானிக்க ஏற்கெனவே சட்டம் இருந்தது. அதைப் பயன்படுத்தாமல் விட்டார்கள். குறையைத் தேர்தல்மேல் சுமத்துவதைவிட, அந்த விசாரணைக் கூடத்துக்குப் போகாமல் விட்ட நம் எல்லோர்மீதும் சுமத்தலாம்.

2025 ஆகஸ்ட் 3

கடைசியாக ஓய்வுப் பணம். என்னை நம்பிக் கேட்டதால் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

ஒரு வங்கி தடுமாறும்போது நட்டம் எந்த வரிசையில் இறங்கும் என்பதைப் பணம் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். முதலில் பங்குதாரர், பிறகு மூலதனமாகக் கணக்கிடப்படும் பத்திரங்களை வாங்கியவர், கடைசியில்தான் வைப்பாளர். 2020 மார்ச்சில் யெஸ் வங்கி மீட்கப்பட்டபோது அத்தகைய பத்திரங்களில் 8,415 கோடி ரூபாய் ஒரே நாளில் அழிக்கப்பட்டது. அவற்றைச் சாதாரண வைப்பைப் போன்றது என்று எண்ணி வாங்கியிருந்த முதியவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்பாளர்கள் சில நாட்கள் 25,000 ரூபாய் வரம்புக்குள் தவித்தாலும் பணம் தப்பியது. பங்குதாரர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. தலைமுறையாக அந்தப் பங்குகளை வைத்திருந்த குடும்பங்கள் நம் மாநிலத்தில் ஏராளம். அந்த முடிவு சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் பத்தே நாட்களில், பங்குதாரர் வாக்கின்றி நடந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆகவே: அரை விழுக்காடு, ஒரு விழுக்காடு கூடுதல் வட்டி தருகிற பத்திரத்தைக் கிளை மேலாளர் நீட்டினால், நட்டம் வந்தால் வரிசையில் என் இடம் எங்கே என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஒரு வங்கியில் உங்கள் பெயரில் உள்ள எல்லாக் கிளைக் கணக்குகளையும் வட்டியையும் சேர்த்தே 5 லட்சம் வரம்பு கணக்கிடப்படும் என்பதால், அதற்கு மேல் இருப்பதை வேறு வங்கிக்குப் பிரியுங்கள். 2021 திருத்தத்தின்படி, முடக்கப்பட்ட வங்கியின் வைப்பாளருக்கு அந்தக் காப்புத்தொகை 90 நாட்களுக்குள் வர வேண்டும். நான் வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்த தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் வைக்கும் பணத்துக்கு இந்தக் காப்புறுதி கிடையாது. சங்கத்தில் போடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், என் பணமும் கொஞ்சம் அங்கே இருக்கிறது. போடுபவர்கள் ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்குப் போய், தணிக்கை அறிக்கையை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கையெழுத்தைப் போட்டுவிட்டு டீயோடு திரும்பி வருபவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பங்குகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்குத் தனியாக எழுதுகிறேன்; எந்த நாடு என்று முதலில் சொல்லுங்கள்.